ஈகை ஏரியின் வழிக்குறிகள்

செம்பள்ளத்தில் காலையில் எழுந்ததும் யாரும் முகம் கழுவுவதில்லை. முதலில் சட்டையைப் பிழிவார்கள்.

இரவெல்லாம் போட்டுக்கொண்டு தூங்கிய ஈரச்சட்டை அது. வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் இழை இழையாகக் குடித்து வைத்திருக்கும். வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் ஒரு புனல் இருக்கும். அதில் பிழிந்தால் நீர் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், உப்பும் வாடையும் நீங்கி, ஊர் நடுவே உள்ள ஈகை ஏரியில் சேரும். ஓர் ஆளுக்கு ஒரு தம்ளர் தேறும். வேலைக்குப் போகிற அவசரத்தில் அரைகுறையாகப் பிழிந்துவிட்டுப் போகிறவனை அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கேட்க அருவருப்பாக இருக்கிறதா? செம்பள்ளத்துக்காரர்களிடம் அந்த முகத்தைக் காட்டிவிடாதீர்கள். செவ்வாயின் தென்பாதியில், கண்ணாடிக் கூரை போட்ட ஒரு பெரும்பள்ளத்துக்குள் குடியேறிய தமிழர்கள் அவர்கள். முதலில் வந்தவர்கள் நிலத்தடிப் பனியை உருக்கி ஒரு குட்டையைத்தான் உண்டாக்கினார்கள். அதை ஏரியாக்கியது மூன்று தலைமுறையின் சட்டைகள். இறந்தவர்களின் உடலில் இருந்த நீரும் கடைசியில் ஏரிக்கே போகும். அதனால் அங்கே யாரும் ஏரியை ‘அது’ என்று சொல்வதில்லை. ‘நம்மவங்க’ என்பார்கள்.

அந்த ஏரியில் பொழுதுபோக்குக்காகத் துடுப்புப் போட்டுத் திரிவதற்கு ஒரு நீர்த்தடம் அமைத்தவள் பூங்கோதை. சுத்திகரிப்பு நிலையத்தின் பொறியாளர் அவள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வேலை முடிந்ததும் ஒருமுறை படகில் ஏறாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. கீழ்த்துறையில் தொடங்கும் தடம், வளர்த்துவிட்ட நாணல்களுக்கிடையே நெளிந்து, கல்வளைவின் அடியில் குனிந்து போய், எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த குகைகளுக்குள் நுழையும். அங்கே நாலைந்து கிளைகள் பிரியும். சரியான கிளையைப் பிடித்தால் மேல்துறையில் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம். நடுவில் இளைப்பாற இரண்டு மேடுகள் உண்டு. எடை குறைந்த உலகம் என்பதால் துடுப்பில் தெறிக்கும் துளிகள் அவசரமே இல்லாமல் விழும். அவற்றுக்கிடையே படகைச் செலுத்திக்கொண்டு போகிற சுகத்தைச் சொல்லித் தெரியவைக்க முடியாது. அம்மா வேம்பரசி போய்ச்சேர்ந்த பிறகு, பூங்கோதை நாணல்களுக்கருகே வரும்போதெல்லாம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா மிதப்பாள். அம்மா மேல் மிதக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். அழுகை வராது, பெருமையாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்ட ஏரியின் மேல் வடமுனை உருக்காலை கண் வைத்தது. உலைகளைக் குளிர்விக்க அதற்குத் தண்ணீர் வேண்டும். கோள்நீர் வாரியத்தின் சட்டப்படி, ஊரின் குடிநீர்த் தேவைக்கு மேல் தொட்டியில் கிடக்கும் நீர் எல்லாம் உபரி. உபரியை யாரும் கேட்டு வாங்கலாம். ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. பொழுதுபோக்குத் துடுப்பர்கள் பயன்படுத்தும் நீர்த்தடம் உள்ள ஏரியை யாரும் தொட முடியாது. பூமியில் ஏரிகளை எல்லாம் தொலைத்த பிறகு, மனம் பொறுக்காமல் எழுதி வைத்த விலக்கு அது.

“அப்போ கவலையே இல்ல” என்று ஊரே சொன்னது. பூங்கோதை ஏரியைப் படமெடுத்து வாரியத்துக்கு அனுப்பிவைத்தாள்.

வாரியத்தில் ஏரியா இல்லையா என்று சொல்வது மனிதர்கள் இல்லை, ஒப்புமானி என்கிற அறிவுப்பொறி. மனிதர்கள் கைபேசியும் கையுமாக அலைந்த இருபத்தோராம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட லட்சக்கணக்கான ஏரிப்படங்களைப் பார்த்துப் பார்த்து ஏரி என்றால் என்ன என்று அது கற்றுக்கொண்டிருந்தது. அதன் பதில் சுருக்கமாக வந்தது: ‘ஏரிகளுக்கே உரிய மேற்பரப்புக் கூறுகள் காணப்படவில்லை. இது தொட்டி.’

மூன்று தலைமுறை பிழிந்து சேர்த்ததைத் தொட்டி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டதே! அம்மாவை ஓர் உலையின் மேல் ஊற்றி ஆவியாக்கப் போகிறார்களா?

அன்றே ஊர்மன்றம் கூடியது. ஒப்புமானி படித்த அதே படங்களை வரவழைத்துச் சுவர் முழுக்கப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே இருந்த ஒருவரும் பூமியைப் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நெகிழிப் பட்டறையை நடத்தும் சேந்தன்தான் முதலில் பேசினான். 

“இது என்னக்கா, தண்ணி மேல இவ்வளவு பொருள் கிடக்கு?”

“பாட்டில். மூடி போட்ட பாட்டில்” என்றாள் பூங்கோதை.

“உள்ள ஒண்ணும் இல்லியே. காலி பாட்டிலை எதுக்கு ஏரியில விடணும்?”

“கை தவறி விழுந்திருக்கும்பா” என்றார் மன்றத் தலைவர் ஆவுடையப்பன்.

“ஒரு ஏரியில தவறி விழலாம் ஐயா. எல்லா ஏரியிலயுமா? எல்லா வருஷமுமா?” என்றான் சேந்தன்.

வேண்டுமென்றே யாராவது தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று மன்றத்தில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஏரிக்குள் ஒருவன் குப்பையைப் போடுவான் என்பது செம்பள்ளத்தில் பைத்தியக்காரனுக்கும் வராத நினைப்பு. நெகிழியோ அங்கே தங்கம் மாதிரி. ஒரு சீப்பு உடைந்தால் உருக்கி இன்னொரு சீப்பு செய்துகொள்வார்கள்.

பூங்கோதை படங்களுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடந்தாள். அவள் துடுப்பர். துடுப்பருக்குத் துடுப்பரின் கவலைதான் முதலில் தோன்றும். அவளுடைய தடத்தில் இருந்த ஒரே குறை, குகைக்குள் புதியவர்கள் வழி தவறிப்போவது. கரைப்பாறையில் தீட்டிய அம்புக்குறிகள் இருட்டில் தெரிவதில்லை. சட்டென்று நின்றாள்.

“மிதக்குது. கலர் கலரா இருக்கு. தூரத்துல இருந்தே தெரியுது. மூடி போட்டு உள்ள காத்தை அடைச்சா எத்தனை வருஷம் ஆனாலும் முங்காது” என்றாள். அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. “இது வழிக்குறி ஐயா! துடுப்புப் போடுறவங்களுக்கு வழி தெரியணும்னு நம்ம முன்னோர் போட்டு வச்சது!”

“இவ்வளவு குறியா?” என்றார் ஆவுடையப்பன்.

“அவ்வளவு தடம் இருந்திருக்கு. அவ்வளவு பேர் துடுப்புப் போட்டிருக்காங்க.”

பூமியில் இருந்த ஒவ்வொரு தமிழ் ஏரியிலும், ஒவ்வொரு கண்மாயிலும், தண்ணீரே தெரியாத அளவுக்கு வழிக்குறிகள்! தாங்கள் எப்பேர்ப்பட்ட நீரோடிகளின் வழித்தோன்றல்கள் என்று நினைத்தபோது அவர்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் விளங்கத் தொடங்கியது. கரைமுள்ளில் மாட்டிப் படபடக்கும் பைகள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டுவதற்கு. துறையோரம் திரண்டு நிற்கும் வெள்ளை நுரை, படகு கரையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க மெத்தை. ஏரிக்குள் வந்து விழும் கறுப்புத் தண்ணீர்க் குழாய் எதற்கு என்றுதான் கடைசி வரை யாருக்கும் புரியவில்லை. புரியாததைச் செய்ய வேண்டாம் என்று அதை விட்டுவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து சேந்தனின் பட்டறை வாசலில் கூட்டம். நெகிழி எங்கிருந்து வரும்? வீடுகளில் இருந்துதான் வந்தது. சாப்பாட்டு டப்பா கொடுத்தவர்கள், குடம் கொடுத்தவர்கள், கல்யாணச் சீராக வந்த அலமாரியைத் தலையில் சுமந்து வந்தவர்கள். எதையும் தராத வீடு ஒன்றுகூட இல்லை. சேந்தன் எல்லாவற்றையும் உருக்கி, படத்தில் இருந்தபடியே பாட்டில் பாட்டிலாக வார்த்தான். ஒட்டுத்தாளில் இருந்த எழுத்தையும், மூடியின் வரிகளையும்கூட விடவில்லை. சில பாட்டில்கள் படத்தில் நசுங்கியிருந்தன. அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நசுக்கியே செய்தான். பார்த்துப் பார்த்துச் செய்ததை நசுக்க மனம் வராமல், கண்ணை மூடிக்கொண்டு நசுக்கினான்.

பூங்கோதை ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி, அடியில் கல் கட்டி, தானே இறக்கினாள். வலம் போக நீலம், இடம் போகப் பச்சை, குகைக் கிளைகளில் சிவப்பு. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குப் பிறகு குகையில் ஒருவரும் வழி தவறவில்லை. முன்னோரின் அறிவைப் பாருங்கள் என்று ஊர் மெய்சிலிர்த்தது. புதிய படங்கள் வாரியத்துக்குப் போயின. நேரில் ஆய்வு செய்ய ஆள் வருகிறார் என்று பதில் வந்தது.

ஆய்வாளர் ஜெகதீசன் பூமியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். அவர் சிறுவயதில் இருந்த தெருவின் பெயர் ஏரிக்கரைத் தெரு. ஏரி இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் ஒரு பேருந்து நிலையமும் இருந்தன. பூமியில் இப்போது நீர்த்தடம் எல்லாம் கூரைக்குள்தான், சீட்டு வாங்கிக்கொண்டுதான். மாதக்கணக்கில் கப்பலில் வந்து இறங்கியவருக்குப் பூங்கோதை முதல் மரியாதையாக ஒரு தம்ளர் ஏரித் தண்ணீர் நீட்டினாள். அந்தத் தண்ணீரின் வரலாறு அவருக்குத் தெரியும்.

“மன்னிச்சுக்கம்மா. டாக்டர் சொல்லியிருக்கார்” என்று பையில் இருந்த பூமித் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் காட்டினார். துறைக்குப் போகும் வழி நெடுக அதைத்தான் குடித்துக்கொண்டு வந்தார். பூங்கோதைக்கு முகம் சுருங்கியது. விருந்தாளி ஆயிற்றே என்று பொறுத்துக்கொண்டாள்.

கீழ்த்துறைக்கு வந்தபோது ஊரே படகுகளில் காத்திருந்தது. ஜெகதீசன் ஏரியைப் பார்த்தார். நீலமும் பச்சையுமாகப் பாட்டில்கள், நசுங்கியவை நசுங்காதவை, முள்ளில் படபடக்கும் பைகள். அவர் முகம் சிவந்துவிட்டது.

“என்ன இது? கிண்டல் பண்றீங்களா?”

“கிண்டலா? எல்லாம் வழிக்குறி சார்” என்றாள் பூங்கோதை. நிமிர்ந்து நின்று, எந்தக் குறி எதற்கு என்று விளக்கினாள். இதற்காக யார் யார் எதைக் கொடுத்தார்கள் என்றும் சொன்னாள். “உங்க அளவுக்கு எங்களால முடியாது சார். எங்ககிட்ட இருந்ததை வச்சுப் போட்டிருக்கோம். சரியா இருக்கா?”

கிண்டல் செய்யவில்லை என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜெகதீசன், தான் கொண்டுவந்திருந்த ஒப்புமானியின் கையளவு உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு படகில் ஏறி உட்கார்ந்தார். பூங்கோதை பின்னால் இருந்து துடுப்புப் போட்டாள். மற்றப் படகுகள் சற்றுத் தள்ளித் தொடர்ந்தன.

நாணல்களைத் தாண்டியதும் ஜெகதீசன் எட்டித் தண்ணீரைப் பார்த்தார். பாட்டில்களுக்குக் கீழே அடிக்கல் வரை தெரிந்தது. ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிந்தது. இப்படி ஒரு நீரை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. தன் தெருவின் பெயரில் மட்டும் மிஞ்சியிருந்த அந்த ஏரியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. குகையில் சிவப்புக் குறிகள் ஒன்று விடாமல் வழிகாட்ட, மேல்துறையின் வெளிச்சத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஒப்புமானி மணியடித்தது. தொடர்ந்து வந்த படகுகளில் எல்லாத் துடுப்பும் நின்றது.

“ஆய்வு முடிந்தது. மேற்பரப்புக் கூறுகள் உள்ளன” என்றது மரியாதையான குரலில். “ஆனால் அவை அளவுக்கு மீறி ஒழுங்காக உள்ளன. ஒவ்வொன்றும் யோசித்து வைக்கப்பட்டிருக்கிறது. எந்த ஏரியிலும் யோசித்து வைத்த தடயம் பதிவாகவில்லை. இது தொட்டி.”

பூங்கோதையின் கையிலிருந்து துடுப்பு நழுவியது. அவள் சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். எந்தக் குறியை எங்கே வைப்பது என்று தூக்கமில்லாமல் யோசித்தது அவள்தான். அவ்வளவு கவனமாகச் செய்ததுதான் அம்மாவைக் கொண்டுபோய் உலையில் ஊற்றப்போகிறது. பின்னால் படகுகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆவுடையப்பன் ஏரியைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தார்.

ஜெகதீசனால் தாங்க முடியவில்லை. இந்தப் பொறி படித்த படங்களில் இருப்பது என்ன என்று இவர்களுக்கும் சொல்ல வேண்டும், வாரியத்துக்கும் எழுத வேண்டும். வேலையே போனாலும் போகட்டும். உண்மையில் அவர் நல்ல மனிதர்.

“அழாதீங்கம்மா. தப்பு உங்க மேல இல்ல. எங்க ஏரியில கிடந்தது என்னன்னு நான் சொல்றேன்” என்றார். தொண்டை வறண்டிருந்தது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். “அதெல்லாம் யாரும் யோசிச்சு வச்சது இல்லம்மா. எங்க ஆளுங்களுக்குக் கொஞ்சம்கூட…”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை காலிப் பாட்டிலைத் தோளுக்குப் பின்னால் விட்டெறிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சைக்கூட நிறுத்தவில்லை. பாட்டில் அந்த லேசான உலகத்தில் நிதானமாகச் சுழன்று போய், தண்ணீரில் சாய்ந்து விழுந்து, ஒருமுறை உருண்டு, கோணலாக நின்றது.

ஒப்புமானி மீண்டும் மணியடித்தது.

“இயல்புத்தன்மை உறுதியாகிறது. ஐயத்துக்கு இடமில்லை. இது ஏரி.”

பிறகு எழுந்த ஆரவாரத்தில் குகை அதிர்ந்தது. துடுப்புகளால் தண்ணீரை அடித்தார்கள். துளிகள் மேலே எழும்பி, இறங்கவே மனமில்லாததுபோல் நின்றன. சேந்தன் படகில் எழுந்து நின்று ஆடி, தண்ணீருக்குள் விழுந்தான். பூங்கோதை சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தாள்.

ஜெகதீசன் மட்டும் தன் வலது கையை, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பதறிப்போய்ப் படகில் இருந்து எம்பி, பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார். பூங்கோதை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுக்காதீங்க சார்! சரியான இடம். குகை வாய்ல ஒரு குறி குறையுதுன்னு எனக்கே இப்பதான் தெரியுது. நீங்க பார்க்காமலே போட்டீங்களே!” அவள் குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது. “ஏதோ சொல்ல வந்தீங்களே சார், உங்க ஆளுங்களுக்குக் கொஞ்சம்கூட… என்ன சார்?”

ஜெகதீசன் சுற்றிலும் பார்த்தார். இத்தனை படகுகள், இத்தனை முகங்கள். சொன்னால் ஏரி தொட்டியாகிவிடும்.

“கொஞ்சம்கூட யோசிக்க வேண்டியிருக்காதும்மா” என்றார். “பழக்கம்.”

பிறகு குனிந்து, இரண்டு கைகளாலும் ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்தார். இனிப்பாக இருந்தது.

ஈகை ஏரியை இப்போது யாரும் தொட முடியாது. வடமுனை உருக்காலை வேறு எங்கோ பனி தோண்டப் போய்விட்டது. வாரத்துக்கு ஒருமுறை ஊரார் வழிக்குறிகளை எல்லாம் எடுத்துக் கழுவித் துடைத்து, அதே இடத்தில் திரும்ப வைக்கிறார்கள். ஜெகதீசன் போட்ட பாட்டிலை மட்டும் அந்தக் கோணல் மாறாமல் நூல் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதைக் கடக்கும்போது துடுப்பர்கள் துடுப்பை உயர்த்தி வணக்கம் சொல்வார்கள்.

புதிதாகத் துடுப்புப் பழகுகிறவர்கள் கடைசித் தேர்வாக அந்த வீச்சைச் செய்து காட்ட வேண்டும் என்று பூங்கோதை ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். பேசிக்கொண்டே, பார்க்காமல், தோளுக்குப் பின்னால். இன்றுவரை ஒருவரும் தேறவில்லை. சட்டை பிழிந்து சேர்த்த தண்ணீர் ஆயிற்றே என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள்.

“அது பூமியில பிறந்தவங்களுக்குத்தான் வரும்” என்று அவர்களைத் தேற்றி அனுப்புகிறாள் பூங்கோதை. “எத்தனை தலைமுறை பழகினாங்களோ!”